பொன்னும் பியானோவும்

“ஏனப்பா, தமிழ் மன்றத்து மலருக்கு எழுது என்றால், ருஷ்யாக்காரன் பியானோவைப் பற்றி எழுதுகிறாயே! நம் வீட்டு யாழ் தூசு படிந்து கிடக்கிறது. அடுத்த வீட்டுப் பெட்டிக்குப் பாராட்டா?”

விடுதியில் என் அறைத் தோழர் கேட்ட கேள்வி இது. கேட்டவர் குறும்புக்காரர், ஆனால் கேள்வி குறும்பானது அன்று. படிப்போர் பலர் நெஞ்சிலும் இதே கேள்வி எழும். ஆகவே மறைக்காமல் அதையே முதலில் வைத்துவிட்டேன். விடையைக் கட்டுரையின் இறுதிக்குள் சொல்லிவிடுவேன். யாழைப் பற்றியும் சொல்வேன்.

பெங்களூரில் டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் ஜே. சி. சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. மோட்டார் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த சாலை. நாள்தோறும் நம்மில் பலர் பேருந்தில் அதைக் கடந்து போகிறோம். அந்த இரண்டு எழுத்துக்களுக்குள் ஒரு மன்னர் பெயர் அடங்கியிருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ஜெயச்சாமராஜேந்திரர் சாலை என்பதுதான் அதன் முழுப் பெயர். மைசூரை ஆண்ட கடைசி மன்னர் ஜெயச்சாமராஜ உடையார். 1919-இல் பிறந்து, 1940-இல் அரியணை ஏறி, 1974-இல் இதே பெங்களூரில் மறைந்தவர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். அந்த வகையில் தமிழர்க்கும் அறிமுகமானவர்.

அந்த மன்னர் பெயர், மேனாட்டு இசையுலகில் ஒரு பெரும் படைப்பின் முதல் ஏட்டில் காணிக்கையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிக்கலாய் மெட்னர் என்ற ருஷ்ய இசைமேதை இயற்றிய மூன்றாம் பியானோ கான்செர்ட்டோதான் அது. கான்செர்ட்டோ என்றால் என்ன? ஒரு பக்கம் எழுபது எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழு. மறு பக்கம் ஒரே ஒரு பியானோ. குழு கேட்க, பியானோ மறுமொழி சொல்லும். பியானோ வழக்காட, குழு தீர்ப்புச் சொல்லும். சில வேளை இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கும். பலரிடையே ஒருவன் தன் குரலை இழக்காமல் நிற்கும் கலை என்று சொன்னால் பொருந்தும்.

மெட்னர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். உலகம் அறிந்த ராக்மானினோவின் நெருங்கிய நண்பர். தம் நான்காம் கான்செர்ட்டோவை ராக்மானினோவ் மெட்னருக்கு உரிமையாக்கினார். தம் இரண்டாம் கான்செர்ட்டோவை மெட்னர் ராக்மானினோவுக்கு உரிமையாக்கினார். நண்பர் இருவரும் புரட்சிக்குப் பின் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர்கள். ஆனால் விதி இருவரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. ஒருவர் அமெரிக்காவில் புகழும் பொருளும் பெற்றார். மற்றவர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் அலைந்து, 1930-களின் நடுவில் லண்டனில் குடியேறி, பியானோ கற்றுக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

ஏன் அந்த நிலை? மெட்னர் காலத்தின் போக்குக்கு வளையாதவர். பழைய இசை இலக்கணத்தை உடைத்தெறிவதே புதுமை என்று பலர் கொடி பிடித்த காலத்தில், இலக்கணத்துக்குள் நின்றே புதியன படைக்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். அக்கொள்கையை விளக்கி 1935-இல் ஒரு நூலும் எழுதினார். அதைப் பதிப்பிக்க உதவியவர் நண்பர் ராக்மானினோவ். மெட்னரின் இசை ஒரே கேட்பில் மயக்கும் இசையன்று. முதல் முறை கேட்டால் முகம் திருப்பிக்கொள்ளும். மூன்றாம் முறை கேட்டால் பேசத் தொடங்கும். அத்தகைய இசைக்கு விளம்பரக்காரர் கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த சிறு வருவாயும் நின்றது. 1942-இல் இதய நோய் தாக்கியது. குண்டு விழும் லண்டனை விட்டு, மாணவி ஒருவர் குடும்பத்தின் ஆதரவில் வார்விக்‌ஷயர் என்ற நாட்டுப்புறப் பகுதியில் தங்கியிருந்த நாளில்தான் மூன்றாம் கான்செர்ட்டோவை அவர் எழுதி முடித்தார். 1944-இல் லண்டனில் தாமே பியானோ வாசித்து அதை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

அந்தப் படைப்பின் பின்னணியில் ஒரு கதை உண்டு. ருஷ்யக் கவிஞர் லெர்மன்தோவ் ஒரு நீரரமகளைப் பாடியிருக்கிறார். ஆற்றின் அடியில் ஒரு வீரன் துயில்கிறான். நீரரமகள் அழைக்கிறாள், அவன் விழிக்கவில்லை. கவிதை அந்த ஏக்கத்தோடு நின்றுவிடுகிறது. மெட்னர் அங்கே நிற்கவில்லை. இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்து செல்லும் மூன்று பகுதிகளில், துயிலில் தொடங்கி விழிப்பில் முடிக்கிறார். போர்க்காலத்தில், நோயாளி ஒருவர், நாடிழந்த நிலையில் எழுதிய இசை, தோல்வியில் முடியாமல் எழுச்சியில் முடிகிறது! இதை எண்ணிக் கேட்கும்போது அந்த இறுதிப் பகுதி நம் நெஞ்சை நிமிர்த்துகிறது.

இப்போது மைசூருக்கு வருவோம். ஜெயச்சாமராஜ உடையார் இளமையிலேயே பியானோ பயின்றவர். லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் பட்டமும், டிரினிட்டி இசைக் கல்லூரியின் மதிப்புறு உறுப்பினர் தகுதியும் பெற்றவர். அதே மன்னர் கர்நாடக இசையில் தொண்ணூற்று நான்கு கிருதிகள் இயற்றியவர் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு காதால் மேற்கையும் மறு காதால் கிழக்கையும் கேட்டவர் என்று அவரைப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு காதாலும் இரண்டையும் கேட்டவர் அவர்.

அவருடைய இசைத்தட்டுச் சேமிப்பு பெரிது. அதில் கிடைத்த சில தட்டுகள் வழியே மெட்னரை அறிந்தார், மேலும் கேட்க விரும்பினார், தட்டுகள் இல்லை. அவ்வளவுதான். இல்லை என்றால் உண்டாக்குவோம் என்று முடிவு செய்தார். 1946-இல் மன்னரின் தூது லண்டனுக்குச் சென்றது. மெட்னரின் படைப்புக்களைப் பதிவு செய்ய ‘மெட்னர் கழகம்’ ஒன்று மன்னர் பொருளால் அமைந்தது. கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் சின்னத்தை நாம் அறிவோம் அல்லவா? அந்த நிறுவனமே பதிவுப் பணியை ஏற்றது. 1947-இல் பில்ஹார்மோனியா வாத்தியக் குழு உடன் வாசிக்க, மெட்னர் தம் கான்செர்ட்டோக்களைத் தம் கையாலேயே வாசித்துப் பதிவு செய்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் நடத்தியவர் இசாய் டோப்ரோவன். அவரும் ருஷ்ய நாட்டவரே. நன்றியின் அடையாளமாக மூன்றாம் கான்செர்ட்டோவை மெட்னர் மைசூர் மன்னருக்குக் காணிக்கை ஆக்கினார்.

அந்தக் காலத்துப் பதிவு எவ்வளவு கடினம் என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது அரிது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நாலரை நிமிட இசையே அடங்கும். முப்பத்தைந்து நிமிட இசைக்கு எட்டுப் பக்கங்களேனும் வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு தவறு நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி இல்லை. இதய நோய் கண்ட அறுபத்தேழு வயது முதியவர் இந்த உழைப்பை ஏற்றார். ஏன்? தம் வாழ்நாளில் முதல் முறையாக, தம் இசையை முழுமையாகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அறிந்ததால் என்றே நான் நினைக்கிறேன். நான்கே ஆண்டுகளில், 1951 நவம்பரில், மெட்னர் மறைந்தார். மன்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் தயங்கியிருந்தால்? அந்தக் கை ஓசை நமக்குக் கிடைத்தே இராது.

மன்னரின் கை அதோடு நிற்கவில்லை. பில்ஹார்மோனியா குழுவை 1945-இல் நிறுவியவர் வால்டர் லெக். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர மன்னர் முன்வந்ததைப் பின்னாளில் அவர் தம் நினைவுகளில் குறித்திருக்கிறார். அக்குழுவின் இசைக் கழகத்துக்கு முதல் தலைவரும் மன்னரே. 1950 மே 22-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ரிச்சர்டு ஸ்டிராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ முதன்முதலாகப் பாடப்பட்டபோதும், அந்த நிகழ்ச்சிக்குப் பொருட் பொறுப்பு ஏற்றவர் மைசூர் மன்னர். அவர் நேரில் செல்ல இயலவில்லை. அவருக்காக அன்றைய இசை தட்டில் பதிவாகி அனுப்பப்பட்டது. அந்தப் பதிவை இன்றும் உலகம் கேட்கிறது.

இனிப் புதிய பதிவுகளுக்கு வருவோம். மெட்னரை நாற்பது ஆண்டுகள் உலகம் மறந்தாற்போல் இருந்தது. பிறகு மெல்ல நினைவுகூர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் நிக்கலாய் டெமிடென்கோவும் ஜெஃப்ரி டோசரும் இந்தக் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தனர். பின்னர் எவ்கெனி சுட்பின் மூன்றையும் பதிவு செய்தார். அவற்றுள் ஒரு தட்டில் ராக்மானினோவின் நான்காவதையும் மெட்னரின் இரண்டாவதையும் அருகருகே வைத்தார். நண்பர் இருவர் ஒருவருக்கொருவர் அளித்த பரிசுகள் ஒரே உறையில்! 2017-இல் மார்க்-ஆந்த்ரே ஹாமெலின், லண்டன் பில்ஹார்மானிக் குழுவுடன் விளாடிமிர் யுரோவ்ஸ்கி நடத்த, இரண்டாம் கான்செர்ட்டோவைப் பதிவு செய்து வெளியிட்டார். அதை நான் விடுதி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு மெட்னரே வாசித்த 1947 பதிவைக் கேட்டேன். அதுவும் குறுந்தகடாக வந்து, இன்று எளிதில் கேட்கக் கிடைக்கிறது.

புதியது தெளிவானது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே காதில் விழுகிறது. முதல் பகுதிக்கு ‘டொக்காட்டா’ என்று பெயர். விரல்கள் ஓயாமல் தட்டி ஓடும் பகுதி அது. ஹாமெலின் கையில் அது தறியில் நாடா ஓடுவதுபோல் ஓடுகிறது. ஓர் இழைகூட அறுவதில்லை. பழையதிலோ ஊசி உரசும் ஒலி இருக்கிறது. வாத்தியக் குழு திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பதுபோல் மங்கலாகக் கேட்கிறது. ஒலித் தெளிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் புதியதற்கே வெற்றி.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. புதிய பதிவில் வாசிப்பவர் இசையின் அழகை நமக்குக் காட்டுகிறார். பழைய பதிவில் மெட்னர் எதையும் காட்ட முயலவில்லை. நாம் உருகப்போகும் இடம் என்று நினைக்கும் இடத்தில் அவர் உருகாமல் நேராக நடக்கிறார். நாம் கவனிக்காத ஒரு சிறு திருப்பத்தில் நின்று, ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். வீடு கட்டியவன் தன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சித்திர வேலையைக் காட்டாமல், சுவர் தாங்கும் கல்லைத் தொட்டுக் காட்டுவான் அல்லவா? அதுபோல. ஏட்டில் எழுதிய குறிகளைக் கொண்டு எந்த மேதையும் இதை ஊகிக்க முடியும். உறுதியாக அறிய முடியாது. உறுதி தருவது அந்தப் பழைய தட்டு ஒன்றே.

இங்கேதான் யாழ் நினைவுக்கு வருகிறது. “நம் வீட்டு யாழ் தூசு படிந்து கிடக்கிறது” என்றாரே என் தோழர், அவருக்கு மறுமொழி சொல்கிறேன். நண்பரே, தூசு படிந்து கிடந்தால் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். கிடக்கவே இல்லையே! பேரியாழ், மகர யாழ், சகோட யாழ், செங்கோட்டி யாழ் என்று பெயர்கள் இருக்கின்றன. சிலம்பில் அரங்கேற்று காதை இருக்கிறது. உரைகாரர் விளக்கம் இருக்கிறது. ஓசை இல்லை. மாதவிக்கு யாழ் பயிற்றிய ஆசான் எப்படி விரல் வைத்தான் என்று ஊகிக்கலாம், கேட்க முடியாது.

அந்த இழப்பை ஈடு செய்ய ஒரு பெரியார் தம் வாழ்வின் இறுதிப் பகுதியையே கொடுத்தார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான் அவர். சிலப்பதிகார அடிகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு, கணக்கும் இசையும் தமிழும் ஒருங்கே அறிந்த புலமையால், பதினான்கு ஆண்டு உழைத்து ‘யாழ் நூல்’ செய்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அரங்கேறிய சில வாரங்களில் அடிகள் மறைந்தார். எந்த ஆண்டு தெரியுமா? அதே 1947!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. ஒரே ஆண்டில் இரண்டு முதியவர்கள். ஒருவர் லண்டனில் தம் இசை தம்மோடு அழியாதபடி தட்டில் பதித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் தமிழகத்தில், நூற்றாண்டுகளுக்கு முன் அழிந்துபோன இசையைச் சொற்களின் உள்ளிருந்து மீட்கப் போராடி முடிக்கிறார். முன்னவர் பணிக்குச் சில நாட்கள் போதுமாயின. பின்னவர் பணிக்குப் பதினான்கு ஆண்டும் போதவில்லை. பதிவு செய்யத் தவறிய ஒரு தலைமுறையின் கடனை, பின்வரும் தலைமுறைகள் வட்டியோடு கட்ட நேர்கிறது. அந்தக் காலத்தில் பதிவுக் கருவி இல்லை. பழந்தமிழரைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கு உண்டா?

இனி ஒரு வழக்கைக் கேட்க வேண்டும். மன்னரைப் புகழ்ந்துகொண்டே போனால் கட்டுரை நேர்மையாகாது. “அந்தப் பொருள் யாருடையது?” என்று கேட்பவர் உண்டு. அவர் கேட்பது நியாயம். 1947 செப்டம்பரில் மைசூர்ச் சீமையில் ‘மைசூர் சலோ’ என்ற கிளர்ச்சி நடந்தது. பொறுப்பாட்சி வேண்டும், மக்கள் அமைச்சரவை வேண்டும் என்று மாணவர்களும் உழவர்களும் தொழிலாளரும் சிறை சென்றனர். அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் அமைச்சரவை அமைந்தது. மெட்னர் லண்டனில் மன்னர் பொருளால் பதிவு செய்த அதே ஆண்டில், மன்னர் வாயிலில் மக்கள் முழங்கினார்கள். இரண்டு ஒலிகளையும் சேர்த்தே வரலாறு கேட்க வேண்டும்.

இன்னும் நம் பக்கத்தில் நெருங்கி வந்து கேட்பேன். மைசூர்க் கருவூலத்துக்கு வருவாய் தந்தவற்றுள் கோலார் தங்கமும் ஒன்று. சுரங்கம் தோண்டியது ஆங்கிலேயர் கம்பெனி. உரிமைத் தொகை பெற்றது மைசூர் அரசு. பூமிக்குள் இறங்கியது யார்? பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம். அந்தச் சூட்டில், இருட்டில், பாறை வெடிக்கும் அபாயத்தில் உழைத்தவர் கையால் வந்த பொன் அது. எந்த ரூபாய் எங்கே சென்றது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் அந்த இசைத்தட்டில் நம்மவர் வியர்வையும் கலந்திருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையாகாது. ‘ருஷ்யாக்காரன் பியானோ’ என்று நாம் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? நாம் விலை கொடுத்த பொருள் அது! கேட்காமல் விடுவது நமக்கே நட்டம்.

அப்படியானால் மன்னர் செய்தது தவறா? என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். கொடை தவறன்று, கொடுத்த முறையில் ஒரு குறை இருந்தது. கலைஞன் அயல்நாட்டான் என்பது குறையாகாது. யாதும் ஊரே என்று பாடிய இனம் நாம். இசைக்கு எல்லை வகுத்தால் நம் பாட்டனாரே நம்மை நகைப்பர். முரசு கட்டிலில் அறியாமல் துயின்ற மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அருகில் நின்று கவரி வீசினான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. புலவன் விழித்து என்ன தருவான் என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. மெட்னருக்கு உடையார் செய்ததும் அதே இனத்துக் கொடை. புகழ் பெற்றவனைத் தேடிப் பொருள் கொடுக்கவில்லை. காதால் கேட்டு, தகுதி உணர்ந்து, உலகம் கைவிட்ட ஒருவனுக்குக் கொடுத்தார். செத்த பின் சிலை வைக்காமல், உயிரோடு இருக்கும்போதே உதவினார். இப்படி வாசி, அப்படி வாசி என்று கட்டளை இடாமல், உன் இசையை உன் கையால் வாசி என்றார். இந்த மூன்றும் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை.

குறை யாது? எல்லாம் ஒரே ஒருவர் கையில் இருந்தது. முடியாட்சி போனது, வருவாய் சுருங்கியது, மெட்னர் கழகமும் மூன்று தொகுதிகளோடு நின்றுபோனது. ஒருவர் மனம் விரும்பியபோது மலர்ந்த கலை, அவர் கை சுருங்கியபோது வாடியது. மேலும், சுரங்கத்தில் பொன் எடுத்தவனுக்கும் அந்த இசைக்கும் இடையே ஓர் அரண்மனைச் சுவர் இருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. அவன் பாடியதை அரண்மனையும் கேட்கவில்லை.

முதல் சுவர் இன்று இடிந்துவிட்டது. மன்னர் கடல் கடந்து வரவழைத்துக் கேட்ட இசையை, இன்று ஒரு மாணவன் கைபேசியில் கேட்கிறான். அது அறிவியல் தந்த மக்களாட்சி. இரண்டாம் சுவர்? அது இன்னும் நிற்கிறது. அதை இடிப்பது நம் கடமை. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தில் உழைத்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களிடம் பாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, பறை இருக்கிறது, நாடகப் பாடம் இருக்கிறது. அங்கிருந்து வந்து நம்மோடு படிக்கும் நண்பர்கள் தம் பாட்டிமார் பாடுவதைச் சொல்லும்போது நாம் வியந்து கேட்கிறோம்; வியந்ததோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பாட்டி மறைந்த பின், எவரேனும் ஓர் அடிகள் தோன்றிப் பதினான்கு ஆண்டு உழைத்து மீட்கட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா?

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டு விழாவுக்கு நாம் திரட்டும் பணத்தில் பெரும்பகுதி ஒரே மாலையில் கரைகிறது. விளக்கு, பந்தல், ஒலிபெருக்கி, மெல்லிசை, பொன்னாடை! மறுநாள் காலை எஞ்சுவது வாடிய மாலையும் கடன் கணக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குவோம். ஆண்டுக்கு ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுப்போம். புகழ் பெற்றவர் வேண்டாம்; புகழ் பெற்றவரைப் பதிவு செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோலார் வயலில் ஒரு முதிய பாடகி, அல்சூர்ப் பக்கத்துக் கோயிலில் ஒரு நாகசுரக்காரர், பெங்களூர்ப் பாளையப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு தெருக்கூத்து வாத்தியார், இப்படி ஒருவர். நல்ல ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வருவோம். சலுகையாக அல்ல, முறையான ஊதியம் கொடுப்போம். எப்படி வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்லக்கூடாது. பெயர், ஊர், கற்ற முறை அனைத்தையும் எழுதி வைப்போம். உரிமை அவர்க்கே, கேட்கும் உரிமை அனைவர்க்கும்.

“மாணவர்களால் இது ஆகுமா? மன்னர்க்குக் கருவூலம் இருந்தது. நமக்கு உணவு விடுதிக் கடன்தானே இருக்கிறது!” என்பர் சிலர். உண்மை. ஆனால் மன்னருக்கு இருந்தது ஒரு கை. நமக்கு முந்நூறு கைகள். ஒரு கை சுருங்கினால் கழகம் நின்றது. முந்நூறு கையில் இருபது கை சுருங்கினாலும் நம் பணி நிற்காது. இன்றைய மக்களாட்சியில் வள்ளல் என்பவன் ஒருவனல்லன், ஒரு கூட்டம். பாரியின் தேர் ஒன்றுதான். நம் வீட்டு முல்லைக்கு நாம் ஒவ்வொருவரும் ஒரு குச்சி நட்டால் போதும், கொடி படரும்.

மேனாட்டு இசையையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மும்பையில் 2006 முதல் இந்தியச் சிம்பனி வாத்தியக் குழு ஒன்று இயங்கி வருகிறது. பெங்களூரில் 1987 முதல் இசைப் பள்ளி ஒன்று மேனாட்டு இசை கற்பிக்கிறது. மைசூர் மன்னருக்குக் காணிக்கையான மூன்றாம் கான்செர்ட்டோவை, பிடில் வடிவில் எழுந்து நிற்கும் சௌடையா மண்டபத்தில், இந்தியக் கைகள் வாசிக்க நாம் கேட்க வேண்டும். அது பதிவாகவும் வேண்டும். லண்டன் பதிவு மெட்னரின் சான்று. இந்தியப் பதிவு நம் மறுமொழியாகட்டும். கான்செர்ட்டோ என்பதே கேள்வியும் மறுமொழியும் தானே!

என் தோழருக்கு விடை சொல்லிவிட்டேன் என்று நம்புகிறேன். அவர் இதைப் படித்துவிட்டு, “சரி, அந்த இரண்டையும் எனக்கும் போட்டுக் காட்டு” என்றார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். மெட்னர் வாசித்தார். ஊசி உரசியது. பாதியில் தோழர் கண் திறந்து, “எங்கள் பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. மாரிக்குப்பத்தில் இருக்கிறாள். நாற்றுப் பாட்டு முழுதும் பாடுவாள்” என்றார்.

அடுத்த ஞாயிறு காலை மாரிக்குப்பம் செல்லும் ரயிலுக்கு இரண்டு சீட்டு எடுக்கப் போகிறோம். மூன்றாம் சீட்டு வேண்டுவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.